பெட்டி செய்யுமுன் காற்றை அளந்து பாருங்கள்

வீட்டுக்கு ஒரு விடியோ விளையாட்டுக் கருவி வந்துவிட்டால், அடுத்த வாரமே அதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமாவோ சித்தப்பாவோ வாங்கிவந்த பொருள். விலையும் சாமானியமானதல்ல. தூசி படக்கூடாது, பல்லி புகக்கூடாது, சிறுவர்கள் கண்டபடி கை வைக்கக்கூடாது. ஆகவே தச்சரிடம் மிஞ்சிய பிளைவுட் பலகையைக் கேட்டு வாங்கி, அறுத்து, ஆணி அடித்து, முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவும் பொருத்தி விடுகிறார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகச் சென்ற இடங்களில் இத்தகைய பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சில பெட்டிகளுக்குள் வண்ண விளக்குச் சரம்கூட எரிகிறது!

ஆனால் அவற்றைச் செய்த மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. "இந்தப் பெட்டிக்குள் இருக்கப்போகும் காற்று எப்படிப்பட்டது?" என்பதே அந்தக் கேள்வி.

பெட்டியின் நீள அகலங்களை அளப்பதற்கு முன் காற்றை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னும் ஒரு படி மேலே சென்றும் சொல்வேன். வேதாரண்யம் போன்ற கடற்கரை ஊரில், எந்நேரமும் ஒரே நிலையில் இருக்கும் பெட்டி, அது மூடியே இருந்தாலும் சரி, திறந்தே இருந்தாலும் சரி, அந்தக் கருவிக்கு நல்லதல்ல. விளையாடும்போது ஒரு விதமாகவும் ஓய்வில் வேறு விதமாகவும் மாறக்கூடிய பெட்டியே நமக்கு ஏற்றது. இது வெறும் அபிப்பிராயம் அல்ல. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாளும் பென்சிலும் கொண்டு போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. (விடியோ விளையாட்டு நல்லதா கெட்டதா என்பதை உங்கள் பெற்றோரிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு அதில் வேலை இல்லை.)

முதலில் வெப்பக் கணக்கு

கன்சோல் என்று நீங்கள் அழைக்கும் கருவி உள்ளபடி ஒரு கணிப்பொறிதான். விளையாட்டு நடக்கும்போது இக்காலக் கருவிகள் ஏறத்தாழ 100 முதல் 200 வாட் வரை மின்திறன் எடுத்துக்கொள்கின்றன. நாம் 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆற்றல் எங்கே போகிறது? திரையில் ஓடும் காரும் பறக்கும் பந்தும் அதைத் தின்றுவிடுகின்றனவா? இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தனியே மின்சாரம் போகிறது. கன்சோலுக்குள் நுழையும் 150 வாட்டும், அதாவது வினாடிக்கு 150 ஜூல், முடிவில் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்புகள் இரண்டரையை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டால் எப்படியோ, அப்படி!

இப்போது 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டால் ஆனது. நன்றாக மூடியிருக்கிறது. ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 0.76 சதுர மீட்டர். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுப்படியில் கரண்டிக்கு மரப்பிடி போடுவது அதனால்தானே? பலகையின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலங்களும் தம் பங்குக்கு வெப்பத்தைத் தடுக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளும் புறமும் 1 டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே சுமார் 3 வாட்தான் வெளியே செல்லும். நம் பெட்டிக்கு இது சுமார் 2.3 வாட்.

150 வாட்டும் வெளியேற வேண்டுமானால் வேறுபாடு எவ்வளவு இருக்க வேண்டும்? 150ஐ 2.3ஆல் வகுங்கள். சுமார் 65 டிகிரி வருகிறது. அறையின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் என்றால் பெட்டிக்குள் 98 டிகிரி! உலை கொதிக்கும் வெப்பநிலைக்கு இரண்டே டிகிரி குறைவு. உண்மையில் அவ்வளவு தூரம் போகாது. அதற்கு வெகு முன்பே கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகிய கருவிகளோடு ஸோனி நிறுவனம் தரும் குறிப்பேட்டில், இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று அச்சிட்டிருக்கிறது. சித்திரை, வைகாசி மாதப் பிற்பகல்களில் எந்தப் பெட்டியும் இல்லாமலேயே நம் வீட்டுக் கூடத்துக் காற்று அந்த 35ஐத் தொட்டுவிடுகிறது. பெட்டிக்குச் செலவிட நம்மிடம் ஒரு டிகிரிகூட மிச்சம் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

"துளை போட்டுவிடுகிறோம், சார்" என்று சொல்வீர்கள். நல்லது, எத்தனை துளை? இதையும் கணக்கிடலாம். ஒரு கிராம் காற்றை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1 ஜூல் தேவை. உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 15 கிராம் காற்று ஓட வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் நிறை நம் வெப்பநிலையில் சுமார் 1.15 கிராம். ஆக, வினாடிக்கு 13 லிட்டர். பெட்டியின் கொள்ளளவோ 40 லிட்டர். மூன்று வினாடிக்கு ஒரு முறை பெட்டிக் காற்று முழுவதும் மாற வேண்டும்!

சூடான காற்று தானே மேலெழும் என்ற வெப்பச் சலனத்தை நம்பினால், 20 செ.மீ. உயரத்துக்கும் 10 டிகிரி வேறுபாட்டுக்கும் கிடைக்கக்கூடிய வேகம், தடையே இல்லை என்று கொண்டாலும், வினாடிக்கு 36 செ.மீ.தான். நடைமுறையில் அதில் பாதி, 20 செ.மீ. என்று கொள்ளலாம். 13,000 கன செ.மீ. காற்றை அந்த வேகத்தில் உள்ளே விட 650 சதுர செ.மீ. வழி வேண்டும். வெளியே விடவும் அதே அளவு. நம் பெட்டியின் முன்பக்கப் பலகையின் பரப்பே 1,000 சதுர செ.மீ.தான். கண்காட்சிப் பெட்டிகளின் முதுகில் சுண்டுவிரல் நுழையும் அளவில் பத்துத் துளைகளைப் போட்டுவிட்டு "காற்றோட்ட வசதி" என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பத்துத் துளைகளும் சேர்ந்து 18 சதுர செ.மீ. தேறாது.

கருவிக்குள்தான் மின்விசிறி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது பெட்டிக்குள் இருக்கும் காற்றைத்தானே இழுக்க முடியும்? தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப வாங்கும் நிலை. போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு ஓடுபவனைப் போலத்தான். ஆகவே விளையாடும் நேரத்தில் துளை போதாது. சுவரே இருக்கக்கூடாது.

வெப்பம் செய்யும் கெடுதி உடனே தெரிவதும் இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கருவியின் கதையைக் கேளுங்கள். வாங்கிச் சில காலம் நன்றாக ஓடும். பின்பு ஒருநாள் முகப்பில் சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு கருவிகளில் அல்ல, மிகப் பலவற்றில் இப்படி நேர்ந்தது. 2007 ஜூலையில் நிறுவனம் அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்கு ஒதுக்க வேண்டியிருந்த தொகை நூறு கோடி டாலருக்கும் அதிகம். ஓடும்போது சூடாகி விரிவதும், நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குவதுமாக மாறி மாறி நிகழ்ந்ததில், சில்லுகளைத் தாங்கிய நுண்ணிய பற்றவைப்புப் புள்ளிகள் விரிசல் கண்டன. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் ஒடிகிறதல்லவா? அதே செய்திதான். தேர்ந்த பொறியாளர்கள் செய்த கருவிக்கே வெப்பம் இந்த வேலையைச் செய்தது என்றால், நாம் அதை ஒரு மரக்கூட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது எத்தகைய காரியம்?

நம் ஊருக்கே உரிய எதிரி

வேதாரண்யத்தின் பெயரை நாடறியச் செய்தது உப்பு. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடந்தே வந்து அகஸ்தியன்பள்ளியில் அள்ளியதும் அதைத்தான். அந்த உப்பு பாத்தியில் மட்டும் இருந்துவிடுவதில்லை. அலை உடையும்போது நீர்க்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் ஆவியாகி உப்புத் தூள் மிஞ்சுகிறது. கடற்காற்று அதை வீடுகளுக்குள் கொண்டுவந்து எல்லாப் பொருள்கள் மீதும் படியவிடுகிறது. சன்னல் கம்பியைச் சாயம் பூசி ஓராண்டுக்குள் துரு அரிப்பதைப் பார்க்காத வீடு நம் பகுதியில் உண்டா?

உலர்ந்த உப்புத் தூள் ஒரு கெடுதியும் செய்யாது. அது ஈரமாவதுதான் ஆபத்து. எப்போது ஈரமாகும்? இங்கே ஓர் அழகான எண் இருக்கிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். (அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம்.) கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைய இருப்பது இதுவே. இது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். நம் ஊர்க் காற்று 33க்குக் கீழே இறங்குவது அரிது. மழைக்காலத்திலோ 80ஐத் தாண்டுவது சாதாரணம். ஐப்பசி மாதத்தில் உப்புச் சாடிக்குள் உப்பு நீர்த்துக் கிடப்பதை அம்மாவிடம் கேட்டால் சொல்வார்கள்.

கன்சோலின் சுற்றுப் பலகையில் செம்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன. அவற்றின் மீது ஒரு துளி உப்புக் கரைசல் படிந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் அரிக்கும். புளி போட்டுத் துலக்காத பித்தளைக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏறுகிறதே, அதேதான் இங்கும் ஏறும். குடத்தைத் துலக்கலாம். சுற்றுப் பலகையை என்ன செய்வது?

தொண்ணூறுகளில் உங்கள் பெற்றோர் ஆடிய டிவி கேம் நினைவிருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் அதை உருவி வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவார்கள். ஊதியதால்தான் ஓடியது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. உருவிச் செருகும்போது உலோகப் பற்கள் உரசிச் சுத்தமாவதுதான் வேலை செய்தது. வாய் ஈரம் அந்தப் பற்களில் களிம்பையே ஏற்றியது. ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோ நிறுவனமே அறிவுரை கூறியிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். விளையாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த உப்பு பெரிய எதிரி அல்ல! அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொள்ளுங்கள். அதே காற்று கருவிக்குள் சென்று 45 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 35 சதவீதமாக இறங்கிவிடுகிறது. நீராவி குறையவில்லை, காற்றின் கொள்திறன் கூடிவிட்டது. ஆகவே ஓடும் கருவியின் உட்புறம் நம் வீட்டிலேயே உலர்ந்த இடங்களில் ஒன்று. நிறுத்திக் குளிர்ந்த பிறகுதான் 80 சதவீதக் காற்று உள்ளே போய் உட்கார்ந்து, படிந்த உப்பை நனைக்கிறது.

ஒரு நாளில் நீங்கள் ஆடுவது ஒரு மணி நேரம் என்றால் மீதி 23 மணி நேரமும் அரிமானத்துக்கே உரியது. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது என்று அம்மா கன்சோலைத் தூக்கிப் பீரோவுக்கு மேல் வைக்கும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழை மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே என்பதையும் கவனியுங்கள். (இதைக் காட்டி, "கருவியை உலர்த்துவதற்காக ஆடுகிறேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்கு நான் பொறுப்பல்ல.)

மரம் என்னும் பஞ்சு

ஓய்வில் இருக்கும்போது காற்றுப் புகாமல் மூட வேண்டும், உள்ளே ஈரத்தைக் குறைக்க வேண்டும் என்பது இப்போது தெளிவு. அப்படியானால் பிளைவுட் பெட்டியின் இடுக்குகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டால் முடிந்ததா? முடியவில்லை.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 80 சதவீதம் என்றால் 24 கிராம், 50 சதவீதம் என்றால் 15 கிராம். 40 லிட்டர் பெட்டிக் காற்றை 80லிருந்து 50க்கு இறக்க நீக்க வேண்டிய நீர் சுமார் 0.36 கிராம். ஏழெட்டுச் சொட்டு! இதைப் பார்த்தால் மிக எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் பெட்டியின் பலகை இருக்கிறதே! அதன் நிறை ஐந்தரைக் கிலோ. 80 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் சுமார் 16 சதவீதம் நீரை வைத்திருக்கும். 50 சதவீதத்தில் சுமார் 9 சதவீதம். வேறுபாடு 7 சதவீதம், அதாவது ஏறத்தாழ 380 கிராம். காற்றில் நீக்க வேண்டியதைப் போல ஆயிரம் மடங்கு நீர் சுவரில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் போட்ட இரண்டு பொட்டலம் பெட்டிக் காற்றை உலர்த்த உலர்த்த, பலகை மெல்ல மெல்ல நீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் தஞ்சை வட்டாரத்துப் பெரிய வீடுகளில் நெல்லை மரப் பத்தாயத்தில் வைத்தார்களே, அது தவறா? இல்லவே இல்லை. அங்கே உள்ளே இருப்பது டன் கணக்கில் நெல். நன்றாகக் காயவைத்த நெல்லே மிகப்பெரிய பஞ்சு. அதற்கு முன்னால் பத்தாயத்தின் பலகை எம்மாத்திரம்? ஈரம் எவ்வளவு என்பதைத்தான் பெரியவர்கள் முதலில் பார்த்தார்கள். நெல்லை வாயில் போட்டுக் கடித்து, அது எழுப்பும் சத்தத்தைக் கொண்டே காய்ச்சலை முடிவு செய்தார்கள். இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கருவி வைத்து 17 சதவீதம் என்று பார்ப்பதும் அதே கேள்விக்கான விடையைத்தான். பத்தாயம் நெல்லுக்காகச் சிந்தித்துச் செய்த பெட்டி. அதன் சிறிய உருவத்தைக் கன்சோலுக்குச் செய்வது சிந்திக்காமல் செய்வது.

பஞ்சாரம் போல் ஒரு பெட்டி

என்னுடைய யோசனை மிக எளியது. கோழிக் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பகலில் எடுத்துவிட்டால் குஞ்சுகளுக்கு வெட்டவெளி. இரவில் கவிழ்த்தால் பாதுகாப்பு. கன்சோலுக்கும் அப்படி ஒன்று போதும்.

பாத்திரக்கடைகளில், மூடியுடன் கூடிய பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள் கிடைக்கின்றன. 40 லிட்டர் அளவில், மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 4 கருவியின் அளவு 27.5, 30.5, 5.3 செ.மீ.தான். கைப்பிடிகளோடு அது தாராளமாக அடங்கும். மற்றக் கருவிகளுக்கு நீங்களே அளந்துகொள்ளுங்கள். இப்போது டப்பாவைத் தலைகீழாக்குங்கள். மூடி அடித்தளமாகிறது, டப்பா தொப்பியாகிறது. மூடி தொய்யாமல் இருக்க அதற்குக் கீழே ஒரு பலகை. (வெளியே இருப்பதால் அந்த மரத்தின் ஈரம் நம்மை ஒன்றும் செய்யாது.) மூடியின் மேல் நான்கு ரப்பர் குமிழ்கள். அவற்றின் மீது கருவி. விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால், கதவு ஓரங்களில் ஒட்டும் ரப்பர் பட்டையை வாங்கிச் சுற்றிலும் ஒட்டுங்கள்.

விளையாடும்போது தொப்பியை எடுத்துவிட வேண்டும். சுவர் இல்லை, துளைக் கணக்கும் இல்லை. முடிந்ததும் கருவியை நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிட்டு, கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டுக் கவிழ்க்க வேண்டும். கம்பி நுழைய ஒரு துளை போடலாமே என்று நினைக்க வேண்டாம். அந்தத் துளை வழியே இரவு முழுதும் காற்று உள்ளே வரும். தவிர, இடிமின்னல் காலத்தில் கம்பி கழன்றிருப்பது தனி நன்மை. குளிர்சாதன அறையில் ஆடுபவர்கள் அந்த அறையிலேயே கவிழ்த்து மூடிவிடுவது நல்லது. 24 டிகிரியில் குளிர்ந்துவிட்ட கருவியை மழைக்காலக் கூடத்துக்கு அப்படியே கொண்டுவந்தால், ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பதைப் போல அதுவும் வியர்க்கும்.

உள்ளே வைக்கும் உறிஞ்சி என்ன? சிலிக்கா ஜெல் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீரை ஏற்கும். 100 கிராம் போட்டால் 20 கிராம். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் உள்ளே வரும் காற்றில் மொத்தமாகவே 1 கிராம் நீர்தான். ஆகவே ஒரு மாதம் தாராளமாகப் போகும். பிறகு வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அதை மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல நிறக் குருணையில் கோபால்ட் குளோரைடு கலந்திருக்கும். அது நச்சு. வெள்ளை நிறத்தையே கேட்டு வாங்குங்கள். அலமாரிகளில் தொங்கவிடும் ஈர உறிஞ்சிப் பைகள் சிலவற்றில் கால்சியம் குளோரைடு இருக்கிறது. அது நீரை உறிஞ்சித் திரவமாகும். கவிழ்ந்து கருவியில் கொட்டினால் கடலே உள்ளே வந்ததுபோல!

"அரிசி போட்டால் என்ன?" என்று நெல் விளையும் ஊர்க்காரர்கள் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். மூட்டையிலிருந்து எடுத்த அரிசியில் ஏற்கெனவே 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது ஏறக்குறைய 65, 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் இருப்பது. அதனால் பெட்டியை அதற்கும் கீழே உலர்த்த முடியாது. நன்றாக வறுத்து, ஆறவைத்து, துணிப்பையில் கட்டிப் போட்டால் ஓரளவு பயன் உண்டு. அரைக் கிலோ போட்டால் 100 கிராம் சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் சொல்லும். மாவுத் தூசியும் வண்டும் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைத் தொப்பிக்குள் வைத்தால், பிளாஸ்டிக் வழியாகவே எண்ணைப் படிக்கலாம். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் நலம். ஆனால் மலிவான மானியை அப்படியே நம்பக்கூடாது. சரிபார்க்க நம் உப்பே போதும்! ஒரு சிறு கிண்ணத்தில் நான்கு கரண்டி உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை மட்டும் நீர் தெளியுங்கள். கிண்ணத்தையும் மானியையும் ஒன்றாக ஓர் இறுக்கமான டப்பாவில் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால், 4ஐக் கழித்தே படிக்க வேண்டிய மானி அது. இதற்குக் கடையில் வாங்கிய தூய உப்பையே பயன்படுத்துங்கள். உப்பளத்திலிருந்து நேரே எடுத்த உப்பில் மக்னீசியம் இருப்பதால் அது 75க்குக் கீழேயே காட்டும். அந்த வேறுபாட்டையும் ஒரு நாள் அளந்து பார்க்கலாம்.

தொப்பிப் பெட்டி அழகாக இல்லை என்று சொல்வார்கள். இல்லைதான். கண்ணாடிக் கதவும் விளக்குச் சரமும் உள்ள பெட்டிக்குப் பக்கத்தில் இதைக் கண்காட்சி மேசையில் வைத்தால் முதல் பார்வையில் தோற்றுவிடும். ஆனால் பரிசு கொடுக்கும் நாங்கள் முதல் பார்வையிலேயே பரிசு கொடுத்துவிட்டால் தவறு எங்களுடையது. பெட்டியோடு கூட, உள்ளே இருந்த வெப்பநிலை, ஈரப்பதம், நாள், நேரம் இவற்றை எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைக்கச் சொல்ல வேண்டும் என்றும், நோட்டு இல்லாத பெட்டியைத் தச்சு வேலைப் போட்டிக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் சக நடுவர்களிடம் நான் வாதாடி வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொரு ஆட்சேபம், திறந்த பெட்டியில் ஆடும்போது தூசியும் உப்பும் விசிறி வழியே உள்ளே போகாதா என்பது. போகும். அதைத் தடுக்க முடியாது. மூடிய பெட்டியில் வெந்து சாவதைவிடத் திறந்த காற்றில் தூசி வாங்குவது மேல் என்பதே என் பதில். ஓய்வு நேரத்தில் ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டால் அந்த உப்பு அடங்கிக் கிடக்கும். வெயில் படும் சன்னலருகே மட்டும் இந்தப் பெட்டியை வைக்காதீர்கள். கைப்பிடிகளில் உள்ள லித்தியம் மின்கலங்களுக்குச் சூடு ஆகாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் பகுதியைக் கடந்தபோது எத்தனையோ வீடுகளின் ஓடும் கூரையும் போயின. அறைக்குள் மழை பெய்த அந்த இரவில், பிளைவுட் அலமாரியும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் ஒன்றாக நின்றிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். இதே டப்பா ரேடியோவுக்கும், கேமராவுக்கும், ரேஷன் அட்டைக்கும், அப்பாவின் பத்திரங்களுக்கும் பயன்படும்.

கன்சோல் இல்லாதவர்கள் என்ன செய்வது? நான்கு புதிய இரும்பு ஆணிகள் போதும். உப்பு நீரில் நனைத்துக் காயவையுங்கள். முதல் ஆணியைச் சன்னல் மேடையிலும், இரண்டாவதை மரப்பெட்டியிலும், மூன்றாவதைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவிலும் ஐப்பசி முதல் தேதியன்று வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, பரப்பில் எத்தனை பங்கு துரு ஏறியிருக்கிறது என்பதை நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள். கார்த்திகை முடியும் வரை செய்யுங்கள். நான்காவது ஆணியை, கண்ணாடிக் கதவுப் பெட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவரிடம் அனுமதி கேட்டுக் கன்சோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.